பல் டொக்டருக்குப் பேச்சுத் துணை

பல் பிடுங்கும் தொழிலில் பிடுங்குகிறவருக்கும் பயம், பிடுங்கக் கொடுக்கிறவருக்கும் பயம். இரண்டு பேருக்கும் நடுவில் வாய் துடைக்கத் துவாய் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் மட்டும் பயப்படக்கூடாது. அந்த நடுவில் நின்றவள் நான். வீங்கின கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே இதை வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கோபிக்க வேண்டாம். நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டவள்தான். என் கடைவாய்ப் பல் இரண்டும் அதே கதிரையில்தான் போயின.

என் வீட்டுக்காரர் காலமாகி, மூத்தவன் அந்தோனி கம்பளை ரயில் குட்ஷெட் வேலைக்கும், மகள் கலியாணமாகிப் பேராதனைக்கும் போன பிறகு, கண்டியில் எனக்கு மிஞ்சியது ஒரு வீடும் ஜெபமாலையும். "தனியா என்னத்துக்கு இருக்கீங்க, கம்பளைக்கே வந்துடுங்க" என்று அந்தோனி மாதம் தவறாமல் வந்து சொல்வான். நல்ல பிள்ளை. ஆனால் கைகால் ஓடுகிற வயதில் மருமகளின் குசினியில் ஓரமாக நின்று அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அப்போதுதான் ஒரு நாள் பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோவில் சுவாமியார் கூப்பிட்டார். திருகோணமலை வீதியில் ஒரு மாடியில் யாழ்ப்பாணத்துப் பல் டொக்டர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், பெண்கள் தனியே போய் உட்காரக் கூச்சப்படுகிறார்கள், கூட நிற்க ஒரு பெரிய மனுஷி வேண்டுமாம் என்றார். கன்னியர் மடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் எங்கே கிடைக்கப்போகிறது?

போன அன்றே டொக்டர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். "அம்மா, உங்கட பாஸ்குப் பெருநாள் வரைக்கும் பாப்பம். சனம் வராட்டி கதிரையைக் கழட்டி ரயிலிலை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போயிடுவன்." அவர் போனால் நானும் கம்பளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆக, ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்குள் அந்த மாடிப்படியில் ஆள் ஏற வேண்டும். அவருக்கும் எனக்கும் கவலை அது ஒன்றுதான்.

துவாயோடு ஓடினவர்

டொக்டரின் கை பஞ்சு மாதிரி. கல்கத்தாவில் படித்த கை. வாய்தான் சரியில்லை. வருகிறவர்களிடம் அவர் பேசுவது மூன்றே சொல்: "இருங்கோ. திறவுங்கோ. துப்புங்கோ." நடுவில் நடப்பதெல்லாம் துக்க வீட்டு மௌனத்தில் நடக்கும். முதுகைத் திருப்பிக்கொண்டு, தட்டிலிருக்கும் ஆயுதங்களைக் கிணிங் கிணிங் என்று எடுத்து வைப்பார். கார்போலிக் வாசம் வேறு.

சந்தையில் மூட்டை தூக்கும் வேலு என்ற நாட்டாமி ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூன்று அரிசி மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற உடம்பு. டொக்டர் "இருங்கோ" என்றார், இருந்தார். நான் கழுத்தில் துவாயைக் கட்டினேன். "திறவுங்கோ" என்றார், திறந்தார். டொக்டர் முதுகைத் திருப்பினார். கிணிங் என்று ஒரு சத்தந்தான் கேட்டது. டொக்டர் திரும்பியபோது கதிரை காலி, மாடிப்படியில் தடதடவென்ற சத்தம் மட்டும்.

துவாய் போய்விட்டதே என்று நான் பின்னாலேயே ஓடினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஓட, கழுத்தில் வெள்ளைத் துவாய் பறக்க அவர் ஓட, வீதியில் உள்ளவர்கள் எல்லாம் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். வெற்றிலைக் கடை முன்னால் மூச்சு வாங்கி நின்றார். "ஏன் ஓடுனீங்க? அவர் நல்ல டொக்டர்" என்றேன். "நல்லவராவே இருக்கட்டும்மா. என்ன செய்யப் போறாருன்னு ஒண்ணும் சொல்லலியே" என்றவர், துவாயை அவிழ்த்து, மரியாதையாக மடித்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "கோழி அறுக்கிறவன்கூட 'வாடா செல்லம்'னு ரெண்டு வார்த்தை பேசித்தாம்மா புடிப்பான்!"

வலிக்கும் என்றவர்

இந்தக் கோழிக் கதையை டொக்டரிடம் எப்படிச் சொல்வது? கொஞ்சம் சீனி தடவித்தான் சொன்னேன். அவர் நெடுநேரம் கையைக் கழுவினார். பிறகு, "எனக்குக் கதைக்க வராது அம்மா. சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். நீங்கள் கதையுங்கோ, நான் தலையாட்டுறன்" என்றார். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. இப்போது ஊசி போடுவார், இப்போது குறடு வைப்பார் என்று நான் சொல்ல, அவர் பக்கத்தில் நின்று கோவில் மாடு மாதிரித் தலையாட்டுவார்.

கம்பளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணியின் மனைவி வந்தார். மீனாட்சி என்று பேர். கதிரையின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் அவருடைய வளையல் நெளிந்துபோனது. கங்காணி வாசலில் நின்றுகொண்டு, "ஒண்ணும் வலிக்காது புள்ள! எறும்பு கடிச்ச மாரித்தான் இருக்கும், சும்மா ஒக்காரு!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை பெறுகிறவளுக்கு ஆண்பிள்ளை வெளியே நின்று தைரியம் சொல்வது போல் இருந்தது. எனக்கும் அதுவேதான் நாக்கு நுனியில் வந்தது. வலிக்காது தாயே என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

"வலிக்கும்" என்றார் டொக்டர்.

டொக்டர் ஊசியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மீனாட்சியின் முகத்துக்கு நேரே குனிந்து, "ஊசி குத்தேக்கை வலிக்கும். குளவி கொட்டின மாதிரி. பிறகு மரத்துப்போம். இழுக்கேக்கை இழுக்கிறது தெரியும், ஆனா நோகாது" என்றார். அத்தனை வார்த்தையை அவர் வாயிலிருந்து ஒன்றாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. மீனாட்சி ஒரு தரம் வாசலைப் பார்த்தார். ஒரு தரம் டொக்டரைப் பார்த்தார். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டு, ஊசிக்கு வாயைத் திறக்கும் முன் சொன்னார்: "பொய் சொல்லாத ஆம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன், இவரே புடுங்கட்டும்!"

கையைத் தூக்கினால்

அந்த ஒரு வார்த்தையால் டொக்டருக்கே கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. அவராகவே ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கினார். கதிரையில் இருப்பவர்களிடம், "நொந்தால் கையைத் தூக்குங்கோ, உடனே நிப்பாட்டுவன்" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கவென்றே அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக் கிளார்க்கர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவருக்குச் சூத்தைப் பல்லைக் குடைந்து அடைக்க வேண்டும். குடைகிற இயந்திரம் தையல் மெஷின் மாதிரி, காலால் மிதிக்க வேண்டும். டொக்டர் மிதியில் காலை வைத்தார். கிளார்க்கர் கையைத் தூக்கினார். டொக்டர் நிறுத்தினார். "நோகுதோ?" "இல்லை." மறுபடி மிதித்தார். மறுபடி கை. "நோகுதோ?" "இல்லை, சும்மா." மிதித்தார். கை. வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பதைபதைப்பு. டொக்டருக்குக் கோபம் வந்து ஒரே ஒரு தரம் நிறுத்தாமல் மிதித்துவிட்டால் போதும், வாங்கில் இருப்பவர்கள் அத்தனை பேரும் எழுந்து போய்விடுவார்கள். மாதாவே, அவர் காலைப் பிடித்துக்கொள்ளும் என்று மனசுக்குள் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே நின்றேன். கை போகும்போதெல்லாம் கால் நின்றது. ஒரு முறைகூடத் தவறவில்லை.

கடைசியில் அந்தக் கை மடியிலேயே கிடந்தது. அடைத்து முடியும்வரை அசையவில்லை. படியிறங்கப் போனவர் திரும்பி வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "கோவிக்காதையுங்கோ டொக்டர், சொன்ன சொல்லுக்கு நிப்பாட்டுறியளோ எண்டு பாத்தனான், எங்கட கச்சேரிக் கந்தோரிலை அப்பிடி ஒருத்தரையும் நான் காணேல்லை."

மடவளையிலிருந்து வந்தவர்

மடவளையில் புடவை வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் நானா தம் மனைவியை அழைத்து வந்தார். திரை கட்டின வண்டியில் வந்து, முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு மாடியேறின பெண். வயது என் மகள் வயது இருக்கும். கேட்ட கேள்விக்கெல்லாம் நானாதான் பதில். "எந்தப் பக்கம்?" "வலது பக்கம் டொக்டர்." "எத்தனை நாளாய்?" "நோம்புக்கு முந்தியே." டொக்டர் முக்காட்டின் ஓரத்தால் குறட்டு நுனியை மட்டும் விட்டு, நானா காட்டின வலது பக்கத்தில் மெல்லத் தட்டிப் பார்த்தார். பல் பாறாங்கல் மாதிரி நிற்கிறது. அவர் குறட்டைக் கீழே வைத்துவிட்டு நானாவைப் பார்த்து, "வலி உங்களுக்கோ, அவவுக்கோ?" என்று கேட்டார். சண்டைக்கு அல்ல, அறியத்தான் கேட்டார். பிறகு என்னிடம், "அம்மா, நீங்கள் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு நானாவையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பல்லைப் பற்றி எடுக்கவே இல்லை. வண்டி குலுங்கினதா, பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். சின்னதுக்குப் பால்பல் முளைக்கிறதாம், தாயும் பிள்ளையுமாகச் சேர்ந்து இரவெல்லாம் அழுகிறார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தவர் தானாகவே விரலை வைத்துக் காட்டினார்: இடது பக்கம். நானா எதிரில் உட்கார்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தே பழகினவர். அவருக்கு வலது என்றால் இவருக்கு இடது. பாவம், அன்பு இருந்தும் பக்கம் மாறிவிட்டது! வலிக்கும் என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. அந்நிய ஆண் ஒருவர் தன் முகத்தை உற்றுப் பார்ப்பாரே என்பதுதான் சங்கடம். நான் யோசித்தேன். முக்காட்டை மேலிருந்து மூக்கு வரை இறக்கி, தாடையிலிருந்து ஒரு துவாயை ஏற்றி, நடுவில் வாய் மட்டும் தெரிகிற மாதிரிக் கட்டினேன். டொக்டரும் எதுவும் கேட்காமல் வேலையை முடித்தார்.

வலி விட்டுப் போனதும், துணிக்குள்ளிருந்தே என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ராத்தா, நான் டொக்டரப் பாக்கவுமில்ல, டொக்டர் என்னப் பாக்கவுமில்ல, பல்லு மட்டுந்தான் எங்க ரெண்டு பேரயும் பாத்திச்சி."

யன்னலோரத்துப் போத்தல்

பாலன் யேசு பிறந்த நத்தாரும் வந்து போனது. புது ஆட்கள் வந்தார்கள். ஆனால் ஒரு பல் பிடுங்கினவர் மற்றப் பல்லோடு திரும்பி வரவே இல்லை. இது டொக்டரை அரித்தது. "வலிக்கவும் இல்லை எண்டு சொல்லிப்போட்டுத்தானே போகினம்?" என்பார். பாஸ்கு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கொழும்பில் தமக்குத் தெரிந்த ஒரு பல் டொக்டரிடம், அவருடைய இடத்தில் போட்டுத் தொழில் செய்யக் கதிரையை வந்து பார்க்கச் சொல்லியும் விட்டார்.

சந்தையில் கீரை விற்கும் கருப்பாயியை ஒரு நாள் கண்டேன். நாங்கள் பல் பிடுங்கி அனுப்பினவர்களில் ஒருவர். என்னைக் கண்டதும் கூடைக்குப் பின்னால் குனிந்துவிட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கீரை வாங்கினேன், அவருடைய மகளின் பிரசவத்தைப் பற்றி விசாரித்தேன். அடுத்த முறையும் அப்படியே. பிறகொரு நாள் கீரையைக் கட்டிக்கொண்டே அவராக வாய் திறந்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. நகத்த வெட்டினாக்கூட மண்ணுல பொதைக்கிறவங்க நாங்க. எம் பல்லு அவரு போத்தல்ல கெடக்கு. யாராச்சும் எடுத்து எதையாச்சும் செஞ்சு வச்சா? ஒரு பல்லு அவருகிட்ட மாட்டினதே போதும்னு இருக்கேன்." அப்போதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. தம் கைத்திறனை ஊர் பார்க்கட்டும் என்று, பிடுங்கின பற்களையெல்லாம் கழுவி ஒரு பெரிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, வீதியில் போகிறவர் கண்ணில் படும்படி யன்னலோரத்தில் வைத்திருந்தார் டொக்டர். நாளுக்கு நாள் அது நிறைய நிறைய, ஊரும் நாளுக்கு நாள் ஒதுங்கியிருக்கிறது.

இதை அவரிடம் சொல்வதற்கு முன் கோவிலில் போய் முழந்தாளில் நின்றேன். சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "சூனியமோ? நான் கல்கத்தாவிலை படிச்சது சூனியமோ?" என்றார். மறுநாள் காலை போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, உங்கட ரெண்டு பல்லும் இதுக்குள்ளைதானே கிடக்கு. உங்களுக்கும் பயமோ?" என்றார். "பயமில்லை டொக்டர். ஆனால் அந்த வழியால் வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது, என் சூத்தைப் பல்லை ஊருக்குக் காட்டிக்கொண்டு வருகிற மாதிரி" என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே போத்தலை இறக்கிவிட்டார். பல்லுக்குச் சொந்தக்காரர் வந்து எடுத்துப் போகலாம் என்று சந்தையெல்லாம் சொல்லி விட்டோம். வந்தார்களே பாருங்கள்! "வெத்திலக் கறையப் பாருங்க, இது என்னோடது" என்று ஒருவர், "ஏன், எனக்கு வெத்தில இல்லியா?" என்று இன்னொருவர். வழக்கு ஓய்ந்து, யாரும் உரிமை கேட்காத மிச்சத்தை டொக்டரே காற்சட்டையை மடித்துவிட்டுப் பின்வளவில் கொய்யா மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார். நான் சிலுவை போட்டேன். கருப்பாயி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்த கருப்பாயி, மரத்தடியிலேயே வாயைத் திறந்து காட்டிச் சொன்னார்: "சரி டாக்டரய்யா, இந்தப் பக்கத்துலயும் ஒண்ணு ரொம்ப நாளா ஆடுது, பாருங்க, ஆனா பல்ல எங்கையில குடுத்துடணும்!"

நல்ல நாள் எது

பாஸ்குக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை, எங்கள் கோவிலில் பாட்டுப் பாடும் ஞானம்மா வந்தார். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணீர்கூட விழுங்காமல்தானே ஞாயிறு காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்குவோம். பிடுங்கின இடத்தில் இரவில் இரத்தம் கசிந்து, தூக்கத்தில் விழுங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதில் பாவமில்லை என்று சுவாமியாரே சொன்னாராம். "சுவாமி சொல்வார், என் மனசு கேட்கணுமே" என்றார் ஞானம்மா. டொக்டர் சைவ சமயக்காரர், ஆனாலும் சிரிக்கவில்லை. "அப்பிடியெண்டால் நாளைக்குப் பூசை முடிஞ்சு நேரை இஞ்சை வாங்கோ. நான் திறந்து வைச்சிருக்கிறன்" என்றார். ஞானம்மா மறுநாள் வந்தார், இன்னும் நாலு பாட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு டொக்டர் ஊசியை எடுக்கும் முன் எல்லாரிடமும், "இண்டைக்கு உங்களுக்குத் தோதான நாளோ?" என்று கேட்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை தோட்டத்துச் சனம் வேண்டாம் என்றது. பௌர்ணமிப் போயா நாளில் சிங்களவர்கள் வேண்டாம் என்றார்கள். நோன்பு மாதத்தில் மடவளைப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகுதான் என்றது. செவ்வாய் என்றாலே ஊரிலிருக்கும் டொக்டருடைய தாயாருக்கே ஆகாது. ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றவர், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு பகிடி விட்டார்: "அம்மா, கண்டியிலை எல்லாச் சாமிக்கும் ஒத்துவாற நாள் புதன் ஒண்டுதான், ஆனா அது பல்லுக்குத் தெரியேல்லை!"

கம்பளைக்காரன்

ஒரு புதன்கிழமை வாங்கில் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஒருவர் குனிந்து இருந்தார். துவாயோடு கிட்டப் போனால், என் மூத்தவன். "அந்த இரத்த வேலை வேண்டாம்மா" என்று மாதாமாதம் சொல்கிற அதே அந்தோனி. கன்னம் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. "இங்க நான் உங்க மகன்னு சொல்லிடாதீங்க" என்று மெதுவாகச் சொன்னான். குட்ஷெட்டில் நூறு பேரை அதட்டுகிறவனுக்கு வெட்கம். நானும் மற்றவர்களிடம் சொல்வது போலவே, "இப்ப ஊசி போடுவார், குளவி மாதிரிக் கொட்டும், பிறகு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னேன். அவன் என் முந்தானையைப் பிடித்தான். பிடித்தது பிடித்ததுதான், அவனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்த முதல் நாளில் பிடித்த அதே பிடி. டொக்டர் அந்தக் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். ஆனாலும் எதுவும் காட்டிக்கொள்ளாமல், "ஐயா தைரியசாலி" என்று மட்டும் சொன்னார்.

ரயில் ஏற்றி விடப் போனபோது வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு அவன் சொன்னான்: "இனி வேலைய விட்டுட்டு வாங்கன்னு சொல்லமாட்டேம்மா, ஆனா நான் அழுதத உங்க மருமககிட்ட சொல்லிடாதீங்க."

கதிரையைப் பார்க்க வந்தவர்

தபசின் கடைசியான பரிசுத்த வாரம் வந்தது. வாங்கில் இடமில்லாமல் படியிலும் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும், கொழும்புக்குச் சொல்லி விட்டதை டொக்டர் மறுத்துச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கும் வாய் வர வேண்டுமே. அந்தப் புதன்கிழமை, நல்ல உடுப்பும் கைத்தடியுமாக ஒரு பெரியவர் மாடியேறி வந்தார். அவருக்குப் பின்னால் கயிறும் சாக்குமாக இரண்டு கூலியாட்கள். கயிற்றைக் கண்டதும் கொழும்புக்காரர்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது.

கதிரையில் அந்த நேரம் இருந்தவர் எங்கள் கோவில் உபதேசியார். பல்லில்லாமல் அவர் சொல்லும் ஜெபம் முதல் வரிசைக்கே விளங்காது. பாஸ்குக்கு முன் கட்டுப்பல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அன்றுதான் மேல்வரிசை வாய்க்குள் போயிருந்தது. கீழ்வரிசை உள்ளறையில் ரப்பரும் மெழுகுமாகக் கிடந்தது. "கதிரையை இன்றைக்கே ஏற்றலாமா?" என்று வந்தவர் கேட்டார். டொக்டருக்கு முந்தி உபதேசியார்தான் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, மேல்வரிசை இறங்க இறங்கச் சத்தம் போட்டார்: "கொண்டுபோங்கள் ஐயா, என்னையும் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோங்கள்! பாதி வாயோடு நான் அல்லேலூயா சொல்லவா?" வாங்கிலிருந்து ஒருவர், "எனக்கு ஊசி போட்டாச்சு, தாடையே எங்க இருக்குன்னு தெரியல, யாரு புடுங்குவா?" என்றார். படியிலிருந்து என்ன என்ன என்று குரல்கள். டொக்டர் என்னைப் பார்த்தார். என்னிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் இதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, துவாயை மடிக்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஐயா" என்றார் டொக்டர். "வரச் சொன்னது நான்தான், பிழை என்ரைதான். அப்ப எனக்கு இந்தச் சனத்தைத் தெரியாது, சனத்துக்கும் என்னைத் தெரியாது. இப்ப தெரியும். மன்னிக்கோணும், கதிரை வராது." கொழும்புக்காரர் வாங்கை ஒரு முறை பார்த்தார், உபதேசியாரை ஒரு முறை பார்த்தார். கூலியாட்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கன்னத்தைத் தடவிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் கடைவாயில் ஒன்று பல நாளாய்க் குத்துகிறது, என் பல்லை நானே பிடுங்கவும் முடியாது, வரிசையில் யாருக்குப் பின்னால் இருக்க வேண்டும்?"

கடவுள் மனுஷனுக்கு இத்தனை பல்லைக் கொடுத்து அவற்றுக்கு நடுவில் ஒரு நாக்கையும் வைத்தது, பல்லைப் பார்க்க வருகிறவர் முதலில் நாக்கோடு சமாதானமாகட்டும் என்றுதான் போலும்.